படகில் இருந்த மருந்து டப்பா

மகனே,

திங்கட்கிழமை ரயிலுக்கு டிக்கெட் எடுத்துவிட்டாய் என்று உன் அம்மா சொல்லித்தான் எனக்குத் தெரியும். நீ என்னிடம் சொல்லவில்லை. சொன்னால் என்ன பதில் வரும் என்று உனக்குத் தெரியும். நாலு நாளாக ஒரே வீட்டில் இரண்டு பேரும் முகம் பார்க்காமல் மீன்குழம்பு சாப்பிட்டுக்கொண்டிருக்கிறோம். நான் வாயைத் திறந்தால் நீ பாதிச் சோற்றில் எழுந்துவிடுகிறாய். அதனால்தான் எழுதுகிறேன். அப்பாவுக்கு மீன் பிடிக்கத் தெரியும், கடிதம் எழுதத் தெரியுமா என்று இளிக்காதே. நாற்பது நாள் கடலிலேயே தங்கித் தொழில் செய்த காலத்தில் உன் அம்மாவுக்குப் பக்கம் பக்கமாக எழுதியவன் நான். நடுக்கடலில் தபால்பெட்டி கிடையாது. கரை பிடித்ததும் நானே கொண்டுவந்து கையில் கொடுப்பேன். அவள் என்னை எதிரில் நிற்க வைத்துக்கொண்டே வாசிப்பாள். இந்தக் கடிதம் உன் கைக்கு எப்படி வரும் என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

முதலில் நடந்ததை நடந்தபடி எழுதிவிடுகிறேன், ஏனென்றால் நீ ஆளுக்கொரு கதை சொல்லிக்கொண்டு திரிகிறாய். உன் அம்மாவிடம் வெளிச்சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை என்றாய். கூட்டாளிகளிடம் அல்சர் என்றாய். கிளப்புக்கு வைரஸ் காய்ச்சல். மூன்று வாரத்துக்கு முன்பு, சீசன் முடிந்து நீ வீட்டுக்கு வந்த மறுநாள் காலையில், வாஷ்பேசினில் வாந்தி எடுத்தாய். காப்பித்தூளைக் கரைத்து ஊற்றினதுபோல் இருந்தது. குளச்சலில் வண்டி பிடித்து நாகர்கோவிலுக்குக் கொண்டுபோனோம். அங்கே டாக்டரம்மா, “தம்பி என்ன வேலை பாக்குறீங்க?” என்று கேட்டார். கண் செருகிக் கிடந்த நிலையிலும் நீ, “புரொஃபஷனல் ஃபுட்பால் பிளேயர் மேடம்” என்றாய். அந்த ‘புரொஃபஷனல்’ விட்டுப்போய்விடக் கூடாது என்பதில் உனக்கு இருந்த கவலை உன் குடலின் மேல் இருந்திருந்தால் நாம் அங்கே போயிருக்கவே வேண்டாம்.

“வலி மாத்திரை எடுப்பீங்களா?” என்று அடுத்துக் கேட்டார். “எப்பவாவது ஒண்ணு” என்றாய். உன் துணி எடுப்பதற்காக நான் உன்னுடைய கிட் பையைத் தூக்கி வந்திருந்தேன். சாக்ஸ் வைக்கிற பக்கத்துப் பையில் என்ன கிடந்தது என்று எனக்குத் தெரியும். அதை அப்படியே அந்த மேசைமேல் கவிழ்த்தேன். காலியான அட்டைகள் மட்டும் ஒரு கைப்பிடிக்கு மேல் இருந்தன. டாக்டரம்மா ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்துவிட்டு உன்னைத் திட்டவில்லை. என்னைத்தான் பார்த்தார். அந்தப் பார்வைக்கு நான் தகுதியானவன் என்பது அவருக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை.

வயிற்றில் புண், அதிலிருந்துதான் ரத்தம். அது ஆறிவிடும். ஆனால் ரத்தத்தில் உப்பு கூடியிருக்கிறது, கிட்னி இரண்டும் தளர ஆரம்பித்துவிட்டன. “இன்னைக்கே நிறுத்தினா இருக்கிறது நிக்கும். இந்த மாத்திரையோட இன்னொரு சீசன் ஆடினா என்னால ஒண்ணும் சொல்ல முடியாது” என்றார். உன் கணுக்காலோ, மாத்திரை இல்லாமல் படி இறங்கவே முனகுகிற கணுக்கால். ஆகவே கணக்கு ரொம்ப எளிது. ஆடப் போனால் மாத்திரை. மாத்திரை போட்டால் கிட்னி போகும். இதைப் புரிந்துகொள்ள பந்து பின்னால் ஓடுகிற மூளையே போதும்.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த மூன்றாம் நாள் உன் மானேஜர் போன் செய்தார். நீ ஸ்பீக்கரில் போட்டிருந்தாய். எவ்வளவு பாசமான குரல். “தம்பி, பத்து நாள் நல்லா ரெஸ்ட் எடு. கேம்ப்புக்கு வந்துரு, மத்ததை ஃபிசியோ பாத்துக்குவாரு.” பார்த்துக்கொள்வாராம். அந்த ஃபிசியோ என்ன பார்த்துக்கொள்வார் என்பதை நீயே ஒரு கிறிஸ்துமஸுக்கு வந்தபோது சிரித்துச் சிரித்துச் சொன்னாய். மேட்சுக்கு முன்னால் எல்லாரும் பூசையில் நற்கருணை வாங்குவதுபோல் வரிசையில் நிற்பீர்களாம். அவர் ஒவ்வொரு கையிலும் ஒரு மாத்திரை வைப்பாராம். முட்டி வீங்கினவனுக்கு இரண்டு. அதற்கும் அடங்காதவனுக்குத் திரைத்துணிக்குப் பின்னால் கூட்டிப்போய் இடுப்பில் ஊசி. வலி இல்லாதவனும் எதற்கும் இருக்கட்டும் என்று வாங்கிப் போட்டுக்கொள்வானாம். ஆடத் தெரிந்த பதினொரு பேரை வைத்திருக்கிற கிளப்பா அது, இல்லை மருந்துக்கடையா? வெள்ளைத் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு ஸ்பிரே டப்பாவோடு ஓடி வருகிற அந்த ஆளைப் பார்த்துக் கூட்டம் கைதட்டுகிறது. நீ எழுந்து நிற்கிறாய், இன்னும் கொஞ்சம் கைதட்டல். உனக்கு என்ன ஆயிற்று என்று பார்க்க அவர் வரவில்லை மகனே. மீதி இருபது நிமிஷத்துக்கு நீ தாங்குவாயா என்று பார்க்க வருகிறார்.

கிளப்பாவது பெரிய இடம். சீசன் இல்லாத மாதங்களில் மலப்புறம் பக்கம் ஆளுக்கு ஏழு பேர் இறங்குகிற செவன்ஸ் பந்தயம் ஆடப் போவாயே, அங்கே ஃபிசியோவும் கிடையாது. இன்று ஒரு ஊர், நாளை ஒரு ஊர். கமிட்டிக்காரன் ஒருத்தன் சாயாவையும் மாத்திரையையும் ஒன்றாக நீட்டுவான். உன்னைத் தோளில் தூக்கிக் கொண்டாடின அந்தச் சேட்டன்மாரில் ஒருவராவது ஆஸ்பத்திரியில் கிடந்தபோது போன் செய்தார்களா? உன் பெயரைப் போட்டு ஃப்ளெக்ஸ் வைத்த நம் ஊர் வீரர்களையும் சொல்லிவிடுகிறேன். உனக்கு வாந்தி வந்த அன்று அவர்களில் இரண்டு பேர் வந்தார்கள். வந்து கேட்டது என்ன தெரியுமா? “மாமா, அடுத்த சீசன் ஜெர்சி நம்பர் மாறுதா?”

இவர்கள்மேல் எனக்கு வெறும் இளக்காரம்தான். கோபம்கூட இல்லை. கோபம் உன்மேல்தான். டிக்கெட் எடுத்த அன்று உன்னிடம் சொன்னேன். “போவாத மக்கா. போனா செத்துப்போவ.” நீ கால்சட்டையை மடித்துக்கொண்டே, தலையைத் தூக்காமல் ஒன்று சொன்னாய்.

“உங்க போட்டுல எல்லாவனும் மாத்திரை தின்னுட்டுத்தானே வலை இழுத்தானுவ? அப்பம் ஒருத்தனையும் நீங்க தடுக்கேலயே. இப்பம் என்னத்துக்கு என்கிட்ட வாறீங்க?”

நான் எழுந்து வெளியே போய்விட்டேன். நீ ஜெயித்துவிட்டதாக நினைத்திருப்பாய். ஆமாம், ஜெயித்தாய். அதனால் இனி என்னைப் பற்றி எழுதுகிறேன். உன் மானேஜருக்கு எறிந்த கல் எனக்கும் படட்டும்.

நான் போட்டில் ஸ்ராங்காக இருந்தேன். போட்டை ஓட்டுகிறவன், ஆட்களுக்குப் பொறுப்பானவன். கிளம்புவதற்கு முன் ஐஸ், டீசல், அரிசி, தண்ணீர் ஏற்றுவதோடு ஒரு பிஸ்கட் டப்பாவில் மருந்தும் ஏற்ற வேண்டும். குளச்சலில் மருந்துக்கடைக்குப் போய், “நாப்பது நாளு, பதினொரு ஆளு” என்று சொன்னால் போதும். கடைக்காரர் அளந்து கட்டித் தருவார். காய்ச்சலுக்குக் கொஞ்சம், வயிற்றுப்போக்குக்குக் கொஞ்சம், மீதி டப்பா முழுக்க வலி மாத்திரை. டாக்டர் சீட்டு என்று ஒன்று இருப்பதே எங்களில் யாருக்கும் ஞாபகம் வந்ததில்லை. டப்பா என் தலைமாட்டில் இருக்கும். காலையில் பாலில்லாத கட்டன்சாயா ஊற்றும்போது நான் டப்பாவோடு வருவேன். ஆளாளுக்குக் கையை நீட்டுவான். ஆளுக்கு ஒன்று. உன் ஃபிசியோவுக்கு இந்த வித்தையை யார் கற்றுக்கொடுத்தார்களோ தெரியாது. எனக்கு யாரும் கற்றுக்கொடுக்கவில்லை, நானாகவே திறமைசாலி.

சிலுவையை உனக்குத் தெரியும். சின்ன வயதில் உன்னைத் தோளில் வைத்துக் கடற்கரையில் சுற்றினவன். என் போட்டில் அவனைவிட நன்றாக வேலை செய்தவன் கிடையாது. வலது தோள்மூட்டு அவனுக்கு எப்போதும் தகராறு. மற்றவனுக்கு ஒன்று கொடுத்தால் அவனுக்கு இரண்டு கொடுப்பேன். பாசத்தில் கொடுத்தேன் என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன். அவன் படுத்துவிட்டால் வலை இழுக்க இரண்டு ஆள் வேண்டும், அதற்காகக் கொடுத்தேன். ஒருமுறை அவன், “ஸ்ராங்கே, மூத்திரம் செரியா போவ மாட்டேங்குது” என்றான். “தண்ணி குடிலே” என்று சொல்லிவிட்டு, இரண்டு மாத்திரையையும் கொடுத்தேன். உன் மானேஜரின் குரலில் இருக்கிற பாசம் என் குரலிலும் இருந்திருக்கும்.

டப்பா கரைக்கு வந்தால் நம் வீட்டு அலமாரிக்கு மேல் போகும். அங்கிருந்துதான் உன் கதை ஆரம்பிக்கிறது. ஊர்த் திருவிழாக் கோப்பை, எட்டாம் நாள் சாயங்காலம் ஃபைனல், கிழக்கே உள்ள கோவில் பங்கின் டீமோடு. உனக்குப் பதினேழு வயது. முந்தின நாள் அரையிறுதியில் பிசகின கணுக்கால், காலையில் பார்த்தால் ஷூவுக்குள் போகவில்லை. நீ கட்டிலில் உட்கார்ந்து அழுதாய். ஆட முடியாது என்றாய். தெளிவாகச் சொன்னாய், “அப்பா, நான் இண்ணைக்கு ஆடேல. நோவுது.” உன் வாழ்க்கையில் கால்பந்து பற்றி நீ பேசின ஒரே புத்தியுள்ள வார்த்தை அதுதான். வாசலில் கமிட்டிக்காரர்கள் நின்றுகொண்டிருந்தார்கள். ஸ்ராங்கின் மகன் கால் நோவுக்குப் பயந்து வீட்டில் இருந்துவிட்டான் என்று கிழக்குக்காரன் சொல்லிவிடக் கூடாது என்று எனக்குத் தோன்றியது. ஸ்டூல் போட்டு ஏறி டப்பாவை எடுத்தேன். சிலுவைக்குக் கொடுக்கிற கணக்கில் இரண்டு. சோடாவில் குடிக்க வைத்தேன். உன் அம்மா, “வேண்டாம், வெறும் வயிறு” என்றாள். அவளை உள்ளே போகச் சொன்னேன்.

அன்றைக்கு மைக் பிடித்தவனை நினைத்தால் இப்போதும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. “கால் வீங்கினாலும் களத்தை விடமாட்டான், இவன் கடல் தாயின் பிள்ளை” என்று தொண்டை கிழியக் கத்தினான். நீ நொண்டும்போதெல்லாம் ஊர் எழுந்து நின்று கைதட்டியது. நன்றாக ஓடுகிறவனுக்கு அந்தக் கைதட்டல் கிடைக்கவில்லை, அதைக் கவனித்தாயா? நீ கவனித்தாய். அன்றிலிருந்துதான் கவனிக்க ஆரம்பித்தாய். கோல் போட்டாய். கோப்பையைக் கொண்டுபோய்க் கொடிமரத்தடியில் வைத்தார்கள், வெடி போட்டார்கள். உன்னைத் தூக்கினார்கள், பிறகு என்னையும் தூக்கினார்கள். நான் மேலே இருந்துகொண்டு கையை ஆட்டினேன். அந்தக் கூட்டத்தில் வெளியூரிலிருந்து வந்த ஒரு கோச் இருந்தார், அவர்தான் உன்னைக் கிளப்புக்குக் கூட்டிப்போனார். அந்தக் கோல்தான் உன்னை ஆளாக்கியது என்று ஊர் இன்றும் சொல்கிறது. மறுநாள் உன் கால் தூண்போல் வீங்கிக் கிடந்ததையும், நீ இரண்டு மாதம் சுவரைப் பிடித்து நடந்ததையும் ஊர் சொல்வதில்லை. அந்தக் கணுக்கால் அதற்குப் பிறகு ஆறவே இல்லை.

நோவைத் தாங்குவது வீரம் என்று நீ நினைத்துக்கொண்டிருக்கிறாய். நீ எப்போது தாங்கினாய்? மாத்திரை போட்டவனுக்கு நோவே தெரியாது. தெரியாத ஒன்றை எப்படித் தாங்குவது? கட்டுமரத்துக்கும்தான் வலிக்காது, அதற்கு யாரும் கோப்பை கொடுப்பதில்லை. கால் நோகிறது, நான் ஆடமாட்டேன் என்று பதினேழு வயதில் ஊர்க்காரர்கள் வாசலில் நிற்கும்போது சொன்னாயே, அதற்குத்தான் தைரியம் வேண்டும். அந்தத் தைரியத்தை நான்தான் சோடாவில் கரைத்துக் குடிக்க வைத்தேன். எனக்கு அதை நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. வெட்கம் என்பது சின்ன வார்த்தை, வேறு வார்த்தை எனக்குத் தெரியவில்லை.

போட்டில் ஏன் தடுக்கவில்லை என்று நீ கேட்ட மறுநாள் நான் நாகர்கோவிலுக்குப் போனேன். உன் அம்மாவிடம் போட்டு ரிப்பேருக்குச் சாமான் வாங்கப் போவதாகச் சொன்னேன். சிலுவைக்கு வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ். பிரஷரும் உண்டு, மாத்திரையும் காரணம் என்று அவனுக்கு டாக்டர் சொல்லி எத்தனையோ நாளாகிறது. நான் அதுவரை அங்கே எட்டிப் பார்த்ததில்லை. மிஷினுக்குப் பக்கத்தில் கிடந்தான். தோளெல்லாம் வற்றிப் போயிருந்தது. ஒரு வாக்கியம் யோசித்து வைத்துக்கொண்டுதான் போனேன்.

“சிலுவை, நான் தந்த மாத்திரைதாம்லே உன்ன இப்படி ஆக்கிற்று” என்றேன்.

அவன் சிரித்தான். “நீரு ரெண்டு தருவீரு. நீரு உறங்கும்ப நான் டப்பாலேந்து இன்னும் ரெண்டு எடுப்பேன். தெரியாதோ உமக்கு?” என்றான். பிறகு கண்ணை மூடிக்கொண்டான். மன்னித்தானா, பழி சொன்னானா என்று எனக்கு விளங்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, “தலை பிளக்குது ஸ்ராங்கே. ஒண்ணு இருந்தா தாரும்” என்று கையை நீட்டினான். ஊசி குத்தாத கை. கட்டன்சாயா நேரத்தில் நீட்டுவானே, உள்ளங்கையைக் குழித்து, அதே மாதிரி.

மகனே, இதை எழுத எனக்குக் கை வரவில்லை, ஆனாலும் எழுதுகிறேன். என் கை சட்டைப்பைக்குப் போய்விட்டது. முதுகு வலிக்கு நான் எப்போதும் ஒரு அட்டை வைத்திருப்பேன், உனக்குத் தெரியும். அட்டையை வெளியேகூட எடுத்துவிட்டேன். எதிரில் நின்ற நர்ஸ் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் பார்க்காமல் இருந்திருந்தால் கொடுத்திருப்பேன். இந்தக் கேடுகெட்ட கையை வைத்துக்கொண்டு நான் உன் மானேஜரை என்ன சொல்வது? அட்டையை அந்த நர்ஸிடமே கொடுத்துவிட்டு பஸ் ஏறினேன். முதுகு நோகிறது. நோகட்டும்.

வழியிலேயே முடிவு செய்துவிட்டேன். நீ அலமாரியில் துணிக்கு அடியில் ஒளித்து வைத்திருந்த ஆஸ்பத்திரிக் காகிதங்களை எடுத்துக் குளச்சலில் நகல் எடுத்தேன். நீ இதை வாசிக்கும்போது ஒரு நகலும் இந்தக் கடிதமும் உன் கிளப்புக்குப் பதிவுத் தபாலில் போயிருக்கும். எங்களுக்குத் தெரியாது என்று இனி அவர்களால் சொல்ல முடியாது. தெரிந்த பிறகு உன்னை மைதானத்தில் இறக்க அவர்களுக்குத் துணிவு இருக்காது, ஏனென்றால் அவர்கள் உன்னைப்போல் முட்டாள்கள் இல்லை, கோழைகள். இன்னொரு பிரதியை நம் கோவில் பத்திரிகையான பங்கு மலரில் போடக் கொடுத்தேன். இதை நீ எந்தத் தலையணைக்கு அடியிலும் கண்டெடுக்கப் போவதில்லை. ஞாயிற்றுக்கிழமை முதல் பூசை முடிந்து வாசலில் வாங்கி, ஊரோடு சேர்ந்து வாசிப்பாய்.

பங்குச் சாமியார் இதுவரை எழுதினதை வாசித்துவிட்டு, “இது மகனுக்குத் தெரியுமா?” என்றார்.

“தெரியாது சாமி.”

“அவன் சோறு போயிரும்.”

“சோறு போகட்டு சாமி. மூத்திரம் போகணும்லா.”

நற்கருணை பற்றி எழுதின வரியை மட்டும் எடுத்துவிடச் சொன்னார். மாட்டேன் என்றேன். பிறகு அவரே, இருக்கட்டும் என்றார். என் பெயரைப் போட வேண்டாம் என்று நானே சொன்னேன். வெட்கத்தால் இல்லை, போட வேண்டிய அவசியமே இல்லை. ஸ்ராங்கு யார், அவன் மகன் யார் என்று ஊரில் பால் குடிக்கிற பிள்ளைக்கும் தெரியும். சிலுவை வீட்டிலும் இதை வாசிப்பார்கள். அவன் பெண்டாட்டி என் வாசலில் வந்து நின்று மண்ணை அள்ளி எறிந்தால் நான் கதவைச் சாத்தமாட்டேன்.

உன் பிழைப்பை நான் கெடுத்துவிட்டேன் என்று உனக்குத் தெரிந்திருக்கும் இப்போது. ஒருமுறை உன்னை ஆடவைக்க உன்னைக் கேட்கவில்லை. இம்முறை ஆடவிடாமல் செய்யவும் கேட்கவில்லை. அதில் நான் மாறவில்லை, நீ திட்டலாம். பூசை முடிந்ததும் நான் வீட்டுக்குப் போகமாட்டேன். கொடிமரத்தடியில், அன்றைக்கு நம் இரண்டு பேரையும் தூக்கின அதே இடத்தில் நிற்பேன். அடிக்கத் தோன்றினால் வந்து அடி, ஊர் பார்க்கட்டும், எவனாவது மைக்கிலும் சொல்லட்டும். ஆனால் கோவில் வாசலிலிருந்து கொடிமரம் வரை நீ நொண்டிக்கொண்டுதான் வர வேண்டும். மாத்திரை போடாமல் வா மக்கா.